பேரப்பிள்ளைகள் தொடாத பன்னிரண்டு புத்தகங்கள்

கேள்வி: எனக்கு அறுபத்திரண்டு வயது. ஊர் நீடாமங்கலம் பக்கம். ஏப்ரல் கடைசியில் மகள் வயிற்றுப் பேரனும் மகன் வயிற்றுப் பேத்தியும் வந்து ஒரு மாதத்துக்கு மேல் இருப்பார்கள். பேரன் திருப்பூர், எட்டு வயது, தமிழ் வழி. பேத்தி சென்னை, ஆறு வயது, ஆங்கில வழி. போன வருஷம் புத்தகக் கண்காட்சியில் பார்த்துப் பார்த்து 900 ரூபாய்க்குப் பன்னிரண்டு புத்தகம் வாங்கி வைத்தேன். நீதிக்கதை, தலைவர்கள் வரலாறு, பொது அறிவு என்று எல்லாம் நல்ல புத்தகங்கள். ஒன்றைக்கூட அவர்கள் தொடவில்லை. பொழுதெல்லாம் செல்போன்தான். இந்தக் கோடைக்கு என்னென்ன வாங்கலாம்? ஒரு பட்டியல் கொடுங்கள்.

பதில்:

பட்டியல் தரப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா. இருபது வருஷத்துக்கு மேல் டெல்டா நூலகங்களில் சிறுவர் பகுதியைப் பார்த்துக்கொண்டவள் நான். ஆரம்பத்தில் நானும் பட்டியல் எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். வாங்கிப் போனவர்கள் ஜூனில் உங்களைப் போலவே முகம் வாடி வந்தார்கள்.

தீபாவளிக்குச் சட்டை எடுப்பதென்றால் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போகிறோம். தோளில் வைத்துப் பார்க்கிறோம். "இந்தக் கலர் வேண்டாம்" என்று அது சிணுங்கினால் வேறு எடுக்கிறோம். புத்தகத்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. நீங்கள் பார்த்துப் பார்த்து வாங்கியது உங்களுக்குப் பிடித்த பன்னிரண்டு. அதில் தப்பில்லை, நீங்களே படிக்கலாம்.

பிள்ளைகள் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே இரண்டு பேரையும் கிளை நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். சிறுவர் அலமாரி முன்னால் விட்டுவிட்டு நீங்கள் போய் பேப்பர் படியுங்கள். ஓரக்கண்ணால் மட்டும் கவனியுங்கள். பிள்ளைகள் பத்துப் புத்தகத்தை இழுப்பார்கள், அட்டையைப் பார்ப்பார்கள், நாலு பக்கம் புரட்டுவார்கள், திரும்பச் செருகுவார்கள். பெரியவர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியும். அந்தச் செருகல்தான் தேர்வு. எந்தப் படத்தில் கை நின்றது, எந்தப் பக்கத்தை மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மீதிக் கோடைக்கு என்ன தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். நாலு புத்தகம் எடுத்துவந்தால் மூன்று அவர்கள் எடுத்ததாக இருக்கட்டும். ஒன்றை நீங்கள் சத்தமில்லாமல் நுழைத்துவிடுங்கள்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. சீர்காழியில் 1892இல் பிறந்து இந்திய நூலகத் துறைக்கே தந்தையானவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டு இவை: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். அதே ஆண்டில்தான் உங்களுக்குப் பக்கத்து மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போகும் நூலகம் தொடங்கியது. வண்டி கட்டிக்கொண்டு புத்தகம் வீட்டு வாசலுக்கு வந்த மண்ணில், பிள்ளைக்குப் பிடித்ததை எடுக்கவிடாமல் நாம் பீரோவில் பூட்டி வைக்கிறோம்.

சரி, எடுத்த புத்தகம் அவன் வாசிக்கக் கூடியதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டையில் போட்டிருக்கும் வயதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தடுக்குகிற ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விரலை மடக்குங்கள், கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. அவன் பார்த்தால் அது பரீட்சையாகிவிடும். ஒன்றிரண்டு விரல் மடங்கினால் அவனே படித்துக்கொள்வான். ஐந்தும் மடங்கினால் அது நீங்கள் வாசித்து அவன் கேட்க வேண்டிய புத்தகம். திருப்பி வைத்துவிடச் சொல்லாதீர்கள். வாசிக்கும் புத்தகம் வேறு, கேட்கும் புத்தகம் வேறு. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். ஒரு விரல்கூட மடங்கவில்லையா? அதையும் பிடுங்காதீர்கள். லீவில் சுலபமான புத்தகம் படிப்பது பிள்ளையின் உரிமை.

தமிழ்ப் பிள்ளை எங்கே தடுக்குகிறது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கு எரிச்சல் குறையும். வீட்டில் அவன் "அம்மா கடைக்குப் போயிட்டு வந்துட்டாங்க" என்கிறான். புத்தகம் "அம்மா கடைக்குச் சென்று வந்துவிட்டார்" என்கிறது. சிரமப்பட்டு எழுத்துக் கூட்டி முடித்தால், கிடைக்கிற சொல் அதுவரை காதில் விழாத சொல்லாக இருக்கிறது. சரியாகத்தான் வாசித்தோமா என்பதே அவனுக்குச் சந்தேகமாகிவிடும். அப்புறம் சொற்களின் நீளம். "பறந்துகொண்டிருந்தவற்றைப்" என்று ஒன்று வந்தால் எட்டு வயதுக் கண்ணுக்கு அது சரக்கு ரயில். நீடாமங்கலம் கேட்டில் நின்ற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடைசிப் பெட்டி போவதற்குள் இன்ஜின் எப்படி இருந்தது என்பதே மறந்துபோகும்.

அதனால் புத்தகத்தைப் புரட்டும்போது கதையைவிட முதலில் வரியைப் பாருங்கள். சின்னச் சின்ன வாக்கியமா? பேச்சு வருகிற இடத்தில் பிள்ளைகள் பேசுகிற மாதிரியே பேசுகிறார்களா? எழுத்து பெரிதாக, வெள்ளைப் பின்னணியிலோ வெளிர் நிறப் பின்னணியிலோ இருக்கிறதா? கருநீல வானத்தின் மேல் சிவப்பு எழுத்தை அச்சடித்த புத்தகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓவியருக்கு அழகாக இருந்திருக்கும், வாசிக்கிற குழந்தைக்குத்தான் கண் வலிக்கும். நீங்கள் வாசித்துக் காட்டும்போது எழுத்துத் தமிழைக் கொஞ்சம் உடைத்து, உங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லிக்கொண்டே போங்கள். இரண்டாம் தடவை உள்ளதை உள்ளபடி வாசியுங்கள். கதை முன்பே தெரிந்துவிட்டதால் புதுச் சொல் பயமுறுத்தாது.

பேரன் அரசுப் பள்ளி என்றால் வாசிப்பு இயக்கப் புத்தகங்களைப் பார்த்திருப்பான். பள்ளிக் கல்வித் துறை வெளியிட்ட அந்தச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருக்கிறார்கள். வகுப்பு எண்ணைவிட இந்தப் பெயர்கள் எனக்குப் பிடிக்கும். மூன்றாம் வகுப்புப் பையன் ஒன்றாம் வகுப்புப் புத்தகம் படிக்கிறான் என்றால் அவமானம். "நட" படிக்கிறான் என்றால் ஒன்றுமில்லை. அவன் எந்தப் படி என்று கேட்டுப் பாருங்கள், அவனே சொல்வான்.

எட்டு வயதுப் பையன்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கதை என்றாலே சிலர் ஓடுவார்கள். அவர்கள் வாசகர்கள் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எங்கள் நூலகத்துக்கு ஒரு பையன் வருவான். கதைப் புத்தகம் கொடுத்தால் பத்து நிமிஷம்கூட உட்கார மாட்டான். ஒருநாள் ஏதோ ஒரு டிராக்டர் விளம்பர நோட்டீஸை விரித்து வைத்து, குதிரைத் திறன், கியர், டயர் அளவு எல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். சம்பா அறுவடைக்கு வரும் மெஷின்களின் பின்னால் ஓடுகிற பையன் அவன். வாகனங்கள் பற்றிய படப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அதை மூன்று மாதம் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டான். அதற்கப்புறம்தான் ரயில், கப்பல், கப்பலில் போன ஒருவனின் கதை. கதைக்கு அவன் வந்த வழி அதுதான். உங்கள் பேரனுக்கு அது கிரிக்கெட்டாக இருக்கலாம், பாம்பாக இருக்கலாம், டைனோசராக இருக்கலாம். விடுகதையும் ஜோக்கும் கூடப் புத்தகம்தான். ஒரு விடுகதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் வீட்டில் யாரையும் நிம்மதியாக இருக்க விடமாட்டான், அதுவே நல்ல அறிகுறி.

காமிக்ஸ் கேட்டால் மறுக்காதீர்கள். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது 1972இல். அப்போது உங்களுக்குப் பத்து வயதுக்குப் பக்கம். கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்களில் நீங்களும் ஒருவரா என்று நான் கேட்கப் போவதில்லை. துப்பாக்கியும் அடிதடியும் நிறைந்தவை எட்டு வயதுக்குக் கொஞ்சம் சீக்கிரம், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி படத்தையும் சொல்லையும் சேர்த்துப் பிடித்துக் கதையைத் தொடர்வது லேசான வேலை இல்லை.

ஆறு வயதுப் பேத்திக்கு வேறு கணக்கு. ஆங்கில வழி என்பதால் தமிழ் எழுத்தில் ஒரு படி பின்னால் இருக்கலாம். "என்ன இது, தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியலையே" என்று அத்தையோ சித்தப்பாவோ ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை போதும், கோடை முழுக்க அவள் தமிழ்ப் புத்தகம் பக்கம் வரமாட்டாள். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிற பாட்டு மாதிரியான கதை, பெரிய படம். இவைதான் இப்போதைக்கு வேண்டும். சொல்லே இல்லாத படக்கதைகளும் கிடைக்கின்றன. அதில் கதை சொல்கிறவள் அவளே, கேட்கிறவர் நீங்கள். தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் இருமொழிப் புத்தகங்களும் நன்றாக வேலை செய்யும். ஒரே புத்தகத்தை இருபது தடவை வாசிக்கச் சொல்வாள். வாசியுங்கள். பதினைந்தாவது தடவையில் நீங்கள் ஒரு வரியை விட்டுவிட்டால், "தாத்தா, ஒண்ணு விட்டுட்டீங்க" என்பாள். அப்போது அவள் வாசிக்கத் தொடங்கிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

செல்போனைப் பிடுங்கச் சொல்லமாட்டேன், நடக்காத காரியம். அதையே கொஞ்சம் நமக்குச் சாதகமாக ஆக்கலாம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் ஏராளமான படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன. அவையும் நான்கு நிலை. பேத்திக்கு முதல் நிலையில் ஆரம்பியுங்கள். பிடித்த ஒன்றிரண்டைக் கடைத்தெருவில் பிரின்ட் எடுத்து நூலால் தைத்துக் கொடுத்தால் அது அவளுடைய புத்தகமாகிவிடும்.

புத்தகம் இருக்கும் இடமும் முக்கியம். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிடும். காலை பத்து மணிக்கு மேல் சாயங்காலம் வரை பிள்ளைகளை வெளியே விடமுடியாது. வற்றிக் கிடக்கும் ஆற்று மணலில் கிரிக்கெட் ஆட அவர்கள் துடித்துக்கொண்டிருக்கும் அந்த ஐந்தாறு மணி நேரம்தான் உங்கள் கையில் இருக்கிறது. ஊஞ்சலில் இரண்டு, தாழ்வாரத்துப் பாயில் இரண்டு, சாப்பிடுகிற இடத்தில் ஒன்று என்று அட்டை மேலே தெரிகிற மாதிரி போட்டு வையுங்கள். முதுகு மட்டும் தெரிகிற புத்தகத்தைப் பிள்ளை எடுப்பது அபூர்வம். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியே வைக்காமல் பாதியை டிரங்குப் பெட்டியில் ஒளித்து, வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

புத்தகத்திலிருந்து வாசலுக்குப் போக ஒரு வழி இருந்தால் இன்னும் நல்லது. பறவைப் படப் புத்தகம் ஒன்று கையிலிருந்தால் சாயங்காலம் வாய்க்கால் பக்கம் போய் மீன்கொத்தி, கொக்கு, தூக்கணாங்குருவிக் கூடு என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து டிக் அடிக்கலாம். அதற்காக வடுவூர் ஏரிக்குக் கிளம்பிவிடாதீர்கள். வலசைப் பறவைகள் வருவது நவம்பர் வாக்கில், மே மாதத்தில் ஏமாந்துதான் திரும்ப வேண்டும்.

"பத்துப் புத்தகம் படித்தால் சைக்கிள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மெல்லிய புத்தகமாகப் பத்து தேடி இரண்டு நாளில் முடித்து, சைக்கிளோடு போய்விடுவான். படித்து முடித்ததும் "இதில் என்ன நீதி?" என்று கேட்பதும் வேண்டாம். கேட்டே ஆக வேண்டுமென்றால், எந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்று கேளுங்கள். பாதியில் வைத்துவிட்டால் வைத்துவிட்டான், அவ்வளவுதான்.

அந்தப் பன்னிரண்டு புத்தகங்களையும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ராத்திரி கரண்ட் போகும்போது முற்றத்தில் பாயை விரித்து அந்த நீதிக்கதைகளில் ஒன்றைச் சொல்லுங்கள், கடைசியில் "ஆகவே குழந்தைகளே" என்று வருகிற வரியை மட்டும் விழுங்கிவிட்டு. கதை நின்றுவிட்ட இடத்திலிருந்து அவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள், நரி செய்தது சரியா தப்பா என்று. மறுநாள் ஒருவர் வந்து அந்தப் புத்தகம் எங்கே என்று கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். கேட்காவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த கோடைக்கு வயது ஒன்று கூடியிருக்கும்.

இன்னொன்று. கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வார விடுமுறை. இரண்டு பிள்ளைகளையும் வெயிலில் கூட்டிப்போய்ப் பூட்டைக் காட்டிவிடாதீர்கள்.