அப்பாவை மருந்து ட்ரையலில் சேர்க்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பல வருடங்களாகச் சர்க்கரை நோய். வழக்கமாகப் போகும் மருத்துவமனையில், புது மருந்து ஒன்று ட்ரையலில் இருக்கிறது என்று 'கிளினிக்கல் ரிசர்ச்' பிரிவுக்கு அனுப்பினார்கள். எல்லாம் இலவசமாம். பக்கம் பக்கமாக ஒப்புதல் படிவம் கொடுத்திருக்கிறார்கள். சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார்.
- வாசகர், திருச்சி

பதில்: அம்மா பயப்படுவதில் தவறே இல்லை. அப்படி எதுவும் நடந்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொள்வதுதான் அந்தப் பிரிவின் முதல் வேலை.

டாக்டர்களான எங்களுக்குச் சில நம்பிக்கைகள் உண்டு. அவை பொய்த்துப்போவதும் உண்டு. காசநோய்க்கு சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளுக்கான மருத்துவமனையில், படுக்க வைத்து, நல்ல சாப்பாடு போட்டால்தான் குணமாகும் என்று ஒருகாலத்தில் நம்பினோம். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினரை சானடோரியத்திலும் மறுபாதியினரை அவரவர் நெருக்கடியான வீட்டிலும் வைத்து அதே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தினருக்கும் கூடுதலாக நோய் பரவவில்லை. யாரை எங்கே வைப்பது என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

அதனால்தான் இன்றும் யாருக்கு எந்த மருந்து என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் முடிவு செய்கிறது. பல ட்ரையல்களில் அப்பாவின் கையில் இருப்பது புதிய மருந்தா பழையதா என்பது டாக்டருக்கும் தெரியாது.

அந்தப் பிரிவில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது, ட்ரையலின் அன்றாட வேலைகளைக் கவனிக்கும் கோஆர்டினேட்டரைத்தான். ஒவ்வொரு முறையும் டப்பாவில் மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணுவார், தலைசுற்றல் இருந்ததா என்று துருவித் துருவிக் கேட்பார். எரிச்சலாக இருந்தாலும் பதில் சொல்லுங்கள். சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிட்டால் அதையும் மறைக்க வேண்டாம். (மறைக்காத சர்க்கரை நோயாளியை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்!) ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு ஏதாவது ஆனால், ட்ரையலை நடத்தும் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கும், ட்ரையலில் சேர்பவர்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவித்தாக வேண்டும். அந்தக் குழுவின் தலைவர் மருத்துவமனைக்கு வெளியே இருந்து வருபவர். ட்ரையலால் பாதிப்பு என்றால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. இதெல்லாம் 2019-ஆம் ஆண்டு விதி.

சரி, சேரலாமா? இலவசம் என்பதற்காக மட்டும் வேண்டாம். படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். வீட்டில் வைத்து நிதானமாகப் படியுங்கள். இப்போது போடும் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா, ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது, ட்ரையல் முடிந்த பிறகு என்ன மருந்து என்று கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் ட்ரையல்களைப் பதிவு செய்யும் 'சிடிஆர்ஐ' (CTRI) பதிவேட்டின் எண்ணையும் கேளுங்கள். அந்த எண் இல்லாமல் மருந்து ட்ரையல் நடத்த முடியாது. மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

முடிவெடுத்துக் கையெழுத்துப் போடவேண்டியவர் அப்பாதான். பாதியில் விலகவும் அவருக்கு உரிமை உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை. வேண்டாம் என்றால் வழக்கமான சிகிச்சைக்கு எந்தத் தடையும் வரக் கூடாது. வந்தால் நெறிமுறைக் குழுவுக்குப் போன் செய்யுங்கள்; எண் அந்தப் படிவத்திலேயே இருக்கும்.