எட்டு வருட வாரண்டி சரி, கம்பெனி எட்டு வருடம் இருக்குமா?

வாகனக் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்

கேள்வி: மஞ்சக்குப்பத்திலிருந்து பாகூர் பள்ளிக்குத் தினமும் போய் வருகிறேன். புதுச்சேரி காமராஜ் சாலையில் ஒரு பேட்டரி ஸ்கூட்டர் பார்த்து வைத்திருக்கிறேன். புதிய கம்பெனி. பேட்டரிக்கு எட்டு வருட வாரண்டி என்கிறார்கள். ‘அந்தக் கம்பெனியே நட்டத்தில் ஓடுது’ என்று என் கணவர் தடுக்கிறார். வண்டியை ஓட்டிப் பார்த்து வாங்கலாம். கம்பெனியை எப்படிப் பார்ப்பது ஐயா?
– ஆசிரியை, கடலூர்

பதில்: உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. மீதிப் பாதிக்கு வருவதற்கு முன்னால் என் கதையைக் கேளுங்கள் அம்மா. ஊரார் பேலன்ஸ் ஷீட்டையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் கடன் கொடுத்தவன் நான். 2019-இல் எனக்கென்று பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியபோது கலரை மட்டும்தான் பார்த்தேன்.

ஒரு வருடம் நன்றாக ஓடியது. ஒருநாள் இண்டிகேட்டர் உடைந்து ஷோரூமுக்குப் போனேன். ஸ்டாக் இல்லை என்றார்கள். பிறகு என்ன நினைத்தார்களோ, கண்ணாடிக்குப் பின்னால் விற்பனைக்கு நின்ற புது வண்டியிலிருந்து இண்டிகேட்டரைக் கழற்றி என் வண்டியில் மாட்டிவிட்டார்கள். பரவாயில்லையே, கையோடு வேலை முடிந்ததே என்று சந்தோஷமாக வீடு வந்தேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். புது வண்டியைப் பிரித்துப் பழைய வண்டிக்கு உதிரி பாகம் கொடுக்கிறார்கள் என்றால், மேலிருந்து சரக்கு வரவில்லை. அடுத்த முறை போனபோது அங்கிருந்த பையனே சொன்னான்: “முழுப் பணமும் முன்னாடியே கட்டினாத்தான் ஸ்பேர் அனுப்புறாங்க சார்.” கம்பெனியிடம் ரொக்கம் வற்றிவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆடிட்டரும் சொல்ல மாட்டார்.

சார்ஜர் போனபோது ஷோரூம் இருந்த இடத்தில் கேக் கடை வந்திருந்தது. நெல்லித்தோப்பு மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, “பேட்டரிக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவுல கம்பெனி பூட்டு இருக்கு சார். வேற பேட்டரி போட்டா வண்டி எடுக்காது” என்றார். இப்போது அந்த வண்டி வாசலில் நிற்கிறது. மழை விட்டதும் என் மனைவி அதன்மேல் மிதியடி காயப் போடுகிறார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். முதலில் கம்பெனியின் உண்மையான பெயரைக் கண்டுபிடியுங்கள். வண்டியில் ஒட்டியிருப்பது பிராண்டின் பெயர். வாரண்டி புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதுதான் உங்களுக்கு வாக்குக் கொடுக்கும் கம்பெனி. ஹீரோ மோட்டோகார்ப் வேறு, ஹீரோ எலக்ட்ரிக் வேறு. ஒரு காலத்தில் மின்சார இருசக்கர வாகன விற்பனையில் முன்னணியில் இருந்த ஹீரோ எலக்ட்ரிக் மீது, டயர் கொடுத்த கம்பெனி ஒன்று பாக்கிக்காகப் போட்ட மனுவை 2024 டிசம்பரில் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் ஏற்று, திவால் நடவடிக்கையைத் தொடங்கியது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பாக மாட்டார். ஒரு பெரிய குழுமத்தின் துணை நிறுவனமாக இருந்தாலும் இதே கதைதான். தாய்க் கம்பெனி எழுதிக் கொடுக்காதவரை அதற்குப் பொறுப்பில்லை.

பெயர் கிடைத்ததும் மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்துக்குப் போங்கள். கடைசியாக எந்த வருடத்துக் கணக்கைத் தாக்கல் செய்திருக்கிறார்கள் என்பது அங்கே இலவசமாகவே தெரியும். மார்ச்சில் முடியும் கணக்கு சாதாரணமாக அக்டோபர் கடைசிக்குள் தாக்கலாகிவிட வேண்டும். இரண்டு வருடம் பின்தங்கியிருந்தால் மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டாம், வேறு ஷோரூமுக்குப் போகலாம். தாக்கல் ஒழுங்காக இருந்தால் 100 ரூபாய் கட்டி ஆண்டறிக்கையைத் திறந்து பாருங்கள்.

லாப நட்டப் பக்கத்தில் நிற்காதீர்கள். புதிய வாகனக் கம்பெனி நட்டத்தில் ஓடுவது சகஜம். ரொக்க ஓட்ட அறிக்கை என்று ஒன்று இருக்கும். தொழில் நடத்தியதில் வருடத்துக்கு எவ்வளவு பணம் கரைந்தது, கையில் எவ்வளவு மிச்சம் என்று அதில் பாருங்கள். உதாரணமாக, கையில் 300 கோடி இருந்து வருடத்துக்கு 400 கோடி கரைந்தால் ஒன்பது மாதம்தான் தாங்கும். அதற்குள் புதிதாக யாராவது பணம் போட வேண்டும். எட்டு வருட வாரண்டி என்பது அந்த யாரோ ஒருவரின் மனசைப் பொறுத்தது.

அடுத்து தணிக்கையாளர் அறிக்கை. ‘தொடர்ந்து இயங்கும் நிறுவனமாக நீடிப்பதில் பெருத்த ஐயம்’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், ஆடிட்டரே கையை உதறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். பாக்கி, ஜி.எஸ்.டி. பாக்கி என்று எழுதியிருந்தாலும் அதே வாசனைதான்.

எனக்குப் பிடித்த இடம் குறிப்புகள் பகுதி. வாரண்டிக்காக எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அங்கே இருக்கும். விற்ற வண்டிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகி, ஒதுக்கிய தொகை அப்படியே இருந்தால் பேச்சுக்கும் பைசாவுக்கும் பொருத்தமில்லை. அங்கேயே அரசிடமிருந்து வர வேண்டிய மானியம் எவ்வளவு என்றும் பாருங்கள். 2023 ஜூன் 1 முதல், மின்சார வண்டிகளுக்கு மத்திய அரசு கொடுத்த ஃபேம்-2 மானியம் பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட்-மணி (யூனிட்) கொள்ளளவுக்கும் 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும், உச்சவரம்பு வண்டி விலையில் 40 சதவீதத்திலிருந்து 15 ஆகவும் இறங்கியது. உள்நாட்டு உதிரி பாக விதியை மீறியதாகச் சொல்லிச் சில கம்பெனிகளிடம் கொடுத்த மானியத்தையே அரசு திருப்பிக் கேட்டது. மானியத்தை நம்பிக் கணக்குப் போட்டவர்கள் ஆடிப்போனார்கள்.

இதெல்லாம் தலைசுற்றலாக இருந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு. கிரிசில், இக்ரா, கேர் போன்ற கடன் தர மதிப்பீட்டு நிறுவனங்களின் தளத்தில் கம்பெனி பெயரைத் தட்டுங்கள். கடன் தரம் ‘டி’ என்றால் தவணை தவறியவர்கள். ‘இஷ்யூவர் நாட் கோஆபரேட்டிங்’ என்றிருந்தால் கேட்ட கணக்கைக் கொடுக்காதவர்கள். என் அனுபவத்தில் கணக்கை மறைப்பவனைவிட நட்டத்தை ஒப்புக்கொள்பவன் மேல்.

கம்பெனியிடம் பணம் இருந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. ஃபோர்டு உலகப் பெரும் நிறுவனம். பத்து வருடத்தில் இங்கே 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று சொல்லி, 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. நம் பக்கத்து மறைமலைநகர் ஆலையும் அதில் அடக்கம். ஆனால் சர்வீஸையும் உதிரி பாகத்தையும் தொடர்ந்து கொடுத்தார்கள். கொரியக் கார் கம்பெனி தேவூவின் கதை வேறு. 1999-இல் கொரியாவில் குழுமமே சரிந்தது. பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் தேவூ கார் தொழிலை வாங்கியபோது இந்திய ஆலையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தேவூவின் மாடிஸ் கார் வைத்திருந்தவர்கள் உதிரி பாகத்துக்கு அலைந்தார்கள்.

கடைசியாக, மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான ‘வாகன்’ தளத்தில் கடலூர் ஆர்.டி.ஓ.வில் அந்தக் கம்பெனி வண்டி மாதம் எத்தனை பதிவாகிறது என்று பாருங்கள். மாதம் மூன்று வண்டி விற்கும் டீலர் வாடகை கட்டவே திணறுவார். கம்பெனி பிழைத்தாலும் அவர் பிழைக்க மாட்டார். பக்கத்தில் டீலர் இல்லாமல் வண்டி நின்றுவிட்டால் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அரியாங்குப்பம் பாலத்து நெரிசலில் அந்த ஏஸோடு நின்றவன் சொல்கிறேன்.

கேள்வி: நான் வாங்க நினைக்கும் ஸ்கூட்டர் கம்பெனியின் பங்கு விலை ஏறிக்கொண்டே போகிறதே, அது போதாதா?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: போதாது. ஆனால் பங்குச் சந்தையில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு: காலாண்டு முடிந்து 45 நாளில் (நிதியாண்டின் கடைசிக் காலாண்டு என்றால் 60 நாளில்) முடிவுகளை வெளியிட்டாக வேண்டும். பங்கு வெளியிட்டபோது பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியிடம் கொடுத்த ஆவணத்தில் ‘அபாயங்கள்’ என்ற பகுதி இருக்கும். கம்பெனி தன் குறையைத் தன் வாயாலேயே சொல்லும் ஒரே இடம் அது. இலவசம்தான், படியுங்கள்.

கேள்வி: கம்பெனி மூடிவிட்டால் மீதித் தவணையைக் கட்ட வேண்டுமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கட்டத்தான் வேண்டும். கடன் உங்களுக்கும் வங்கிக்கும் இடையே உள்ளது. வண்டி ஓடுகிறதா இல்லையா என்று வங்கி கேட்காது, நாங்கள் கேட்டதில்லை. கம்பெனி மீது திவால் நடவடிக்கை தொடங்கினால் நாளிதழில் அறிவிப்பு வரும். அதில் சொன்ன தேதிக்குள் பில், வாரண்டி அட்டை நகல்களோடு உரிமைக் கோரிக்கையை அனுப்பலாம். ஆனால் பணம் பிரிக்கும்போது வங்கிகளெல்லாம் முன்னால் நிற்கும், நீங்கள் வரிசையின் பின்னால். அதனால் புதிய கம்பெனி வண்டிக்கு மூன்று வருடத்துக்கு மேல் தவணை போடாதீர்கள். பில்லையும் வாரண்டி அட்டையையும் வண்டிப் பெட்டியில் வைக்காமல் வீட்டு பீரோவில் வையுங்கள்.