எது ஓடுதுன்னு கேளுங்க! புதுக்கடை, வண்டிக்கடை: வாசகர் கேள்வி - பதில்

ஆபீஸ் விட்டு வரும் வழியில் வரிசையாக ஃபுட் ட்ரக் நிற்கிறது. மாசத்துக்கு ரெண்டு புதுசு வேற. எதை நம்பிச் சாப்பிடறதுங்க?
- வாசகர், சரவணம்பட்டி, கோவை

சீரியல் லைட்டையும் வண்டிப் பெயிண்டையும் விடுங்கள். முதலில் தண்ணீரைப் பாருங்கள். கட்டடக் கடையில் குழாய் இருக்கும். வண்டியில் கொண்டுவந்த தண்ணீர்தான். கை கழுவ ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று என்று கேன் பிரிந்திருந்தால் நல்ல வண்டி. ஒரே வாளியில் தட்டை முக்கி முக்கி எடுத்தால் தட்டு வேண்டாம், பாக்குமட்டையிலோ வாழை இலையிலோ கேளுங்கள்.

அடுத்தது எண்ணெய். பொரித்த எண்ணெயில் சேரும் போலார் சேர்மங்கள் (எண்ணெய் காய்ந்து காய்ந்து சிதைவதால் உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 முதல் விதி. அளக்கும் கருவி நம் கையில் இல்லை, கண்ணும் மூக்கும் போதும். பண்டத்தை எடுத்த பிறகும் நுரை அடங்காமல் நிற்கிறதா? அடுப்பைக் கூட்டாமலே புகை வருகிறதா? எண்ணெய் பாகு மாதிரி வடிகிறதா? அங்கே பொரித்ததை விட்டுவிட்டுக் கல்லில் போட்டதைச் சாப்பிடுங்கள்.

ஷவர்மாவில்தான் அதிகக் கவனம் வேண்டும். நாமக்கல்லில் 2023 செப்டம்பரில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி இறந்தது பலருக்கு நினைவிருக்கும். கம்பியில் அடுக்கிய கறியில் வெளிப்பக்கம் மட்டும்தான் வேகும், உள்ளே பச்சை. மாஸ்டர் வெந்த பாகத்தை மெல்லிசாகச் சீவி, அடுத்த சுற்று வேகும்வரை நிறுத்த வேண்டும். கூட்டம் நெருக்கும்போது ஆழமாக வெட்டுவார்; அங்கேதான் வேகாத கறி ரொட்டிக்குள் போகிறது. சீவியதைத் தவாவில் இன்னொரு முறை புரட்டிக் கொடுக்கும் கடை மேல். இன்னொரு அடையாளம்: மாலை 5 மணிக்குக் கடை திறக்கும்போதே கம்பியில் பாதிக் கறிதான் இருந்தால், அது நேற்று மிஞ்சியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆள் இல்லாத நேரத்தில் பர்னரை அணைத்து வைக்கும் கடையும் வேண்டாம்.

கூடவே மயோனைஸ். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டது. சால்மோனெல்லா கிருமி பயம்தான் காரணம். 'எக்லெஸ்தானுங்க' என்று கடைக்காரர் சொன்னாலும், பாட்டில் வெயிலில் நின்றால் அதுவும் கெடும். சமைத்தது எதுவும் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லை 60 டிகிரிக்கு மேலே. இடைப்பட்ட வெதுவெதுப்பில்தான் கிருமி பெருகும்.

வண்டியில் ஒட்டியிருக்கும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணையும் படிக்கலாம். முதல் இலக்கம் 1 என்றால் லைசென்ஸ், 2 என்றால் சிறு வியாபாரிப் பதிவு. அடுத்த 24 தமிழ்நாடு. அதற்கடுத்த இரண்டு, எண் வாங்கிய வருடம். நேற்று முளைத்த வண்டியில் 17, 18 என்று இருந்தால், எண் யாருடையது என்று கேட்பதில் தப்பில்லை.

புதுக்கடை திறந்த அன்னைக்கே போனா ஆஃபர் கிடைக்குது. ஆனா ஒரு தடவைகூட ருசி நல்லா இருந்ததில்லை. எப்ப போறதுங்க?
- வாசகி, திருப்பூர்

மூன்றாவது வாரம், செவ்வாயோ புதனோ, இரவு ஏழரைக்குள். திறப்பு நாளில் 'ஒண்ணு வாங்கினா ஒண்ணு' என்று அறிவித்தால், ஐம்பது பேருக்குப் போட்ட மாவு இருநூறு பேருக்கு இழுபடும். அரைவேக்காடும் உப்புக் கூடுதலும் அதனால்தான். முதல் இரண்டு வாரத்தில் மாஸ்டரே மாறிவிடுவதும் உண்டு.

உங்கள் ஊருக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம். அன்று ராத்திரியும் ஞாயிறும் எந்தக் கடையிலும் மாஸ்டருக்கு நிமிர நேரமிருக்காது. ருசி பார்க்க அந்த இரண்டு நாளும் ஆகாது. ஆனால் சரக்குத் தேங்காது என்பதால் கறி புதுசாக இருக்கும். ஈரோட்டில் ஜவுளிச் சந்தை கூடும் திங்கள் இரவும் செவ்வாயும் இதே கதைதான்.

போனதும் மெனு கார்டைக் கேட்காதீர்கள். 'இன்னைக்கு எதுங்க நல்லா ஓடுது?' என்று கேளுங்கள். 'எல்லாமே நல்லாருக்கும்' என்று பதில் வந்தால் பக்கத்து மேஜைகளைப் பாருங்கள். மூன்று மேஜையில் ஒரே பண்டம் இருந்தால் அதுதான் பதில். எட்டுப் பேர் உட்காரும் கடையில் நூற்றைம்பது அயிட்டம் என்றால், பாதி ஃப்ரீசரில் இருந்து வருகிறது.

எந்தப் புதுக்கடை மெனுவிலும் 'பள்ளிபாளையம் சிக்கன்' இருக்கு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. அசல் எதுங்க?
- வாசகர், பெருந்துறை

காவிரியைத் தாண்டினால் பள்ளிபாளையம்; உங்களுக்கே இந்தக் குழப்பம் என்றால் சென்னைக்காரர்களை என்ன சொல்வது! அசலில் சாமான் குறைவு. அரைக் கிலோ எலும்போடு சின்னச் சின்னதாக வெட்டிய கோழிக்கு, விதை உதறிக் கிள்ளிய வரமிளகாய் 15 முதல் 20, சின்ன வெங்காயம் 200 கிராம், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய் ஒரு கைப்பிடி, பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு. அவ்வளவுதான். தக்காளி இல்லை, கரம் மசாலா இல்லை, சோம்புத்தூள் இல்லை.

எண்ணெயில் வரமிளகாயும் வெங்காயமும் வதங்கியதும் கறியைப் போட்டு, மஞ்சளும் உப்பும் சேர்த்து, தண்ணீரைக் கை அளவில் தெளித்துத் தெளித்து 20, 25 நிமிடம் வேகவிட வேண்டும். தேங்காய்ப் பல் கடைசிக்குச் சற்று முன். ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால் கறி அவிந்துபோகும், மிளகாய் வாசம் ஏறாது. விதையை உதறாவிட்டால் நாக்கு எரியும், ருசி தெரியாது.

தட்டு வந்ததும் பாருங்கள். மிளகாய் முழுசாகத் தெரிய வேண்டும், கறி மஞ்சளும் செம்பழுப்புமாக இருக்க வேண்டும், தேங்காய் பல்லில் கடிபட வேண்டும். செக்கச்செவேல் என்றால் கலர்பொடி. குடைமிளகாயும் சோயா சாஸும் எலும்பில்லாத துண்டும் இருந்தால் அது சில்லி சிக்கன். அதுவும் நன்றாகவே இருக்கலாம், பெயரைத்தான் மாற்றி எழுத வேண்டும். ஆர்டர் கொடுத்து ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டால் முன்பே வேகவைத்த கறியை வரமிளகாயில் புரட்டியிருக்கிறார்கள்.

புரட்டாசியில் ஒரு புது அசைவக் கடைக்குப் போனோம். கூட்டமே இல்லை, நிம்மதியா சாப்பிடலாம்னு நினைச்சா மட்டன் வாடை அடிச்சது.
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

கூட்டம் இல்லாததுதான் கோளாறு. நம் பக்கத்தில் பாதி வீடுகள் புரட்டாசியில் கவுச்சி தொடாது. கார்த்திகையில் ஐயப்ப மாலை, தைப்பூசத்துக்கு முன்னால் பழநி பாதயாத்திரை விரதம். இந்த நாட்களில் கறி ஓட்டம் குறையும், வாங்கியது பெட்டியில் தங்கும். பழைய கடைக்கு இது தெரியும், அளவாக வாங்கும். புதுக்கடைக்காரர் முதல் வருடம் இதில்தான் கை சுட்டுக்கொள்வார். அந்த மாதங்களில் புது இடம் பார்ப்பதென்றால் சந்தகை (நம் பக்கத்து இடியாப்பம்), அரிசிம்பருப்புச் சோறு, கம்மங்கூழ், ராகிக் களி போடும் கடைகளாகப் பாருங்கள். சந்தகையைப் பிழிந்து அரை மணிக்குள் சாப்பிட வேண்டும், ஆறினால் நூல் விறைத்துவிடும். எத்தனை மணிக்குப் பிழிவார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் போடுறாங்க, ஜிஎஸ்டியும் போடுறாங்க. ரெண்டும் கொடுக்கணுமா?
- வாசகர், சேலம்

சர்வீஸ் சார்ஜ் உங்கள் விருப்பம். கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லுங்கள். ஜிஎஸ்டி சாதாரண ஓட்டலில் 5 சதவீதம். ஆனால் பில்லில் 33-ல் தொடங்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) இருக்கும் கடை வாடிக்கையாளரிடம் வரி வாங்கவே கூடாது.

நாங்க ஆறு பேர். ஒரே ராத்திரியில் நாலு வண்டியில் ருசி பார்க்கணும். ரெண்டாவது வண்டியிலேயே வயிறு நிறைஞ்சுடுது!
- வாசகர்கள், பொள்ளாச்சி

ஆளுக்கு ஒன்று வாங்கினால் அப்படித்தான். ஒரு வண்டிக்கு இரண்டே பிளேட், ஆறு பேருக்கும். வறட்டுப் பண்டத்தில் தொடங்கி, கிரேவிக்குப் போய், மாவுப் பண்டத்தைக் கடைசியில் வையுங்கள். பரோட்டாவும் பிரியாணியும் முதலில் உள்ளே போனால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. நடுவில் ரோஸ்மில்க், சோடா வேண்டாம், வெந்நீர் போதும். ஓரிடத்தில் பிடித்துப்போனாலும் இன்னொரு பிளேட் சொல்லாதீர்கள். அதற்கு மறுநாள் வாருங்கள்.

தள்ளுவண்டிக் காளானில் காளானே இல்லை, முட்டைக்கோஸ்தான். ஏமாத்துறாங்களா?
- வாசகி, வடவள்ளி

இல்லைங்க. கோவைக் காளானின் சேர்மானமே அதுதான். பொடியாக வெட்டிய காளானோடு கோஸ், மைதா, சோளமாவு பிசைந்து பக்கோடாவாகப் பொரித்து, கல்லில் போட்டுக் கொத்தி, மசாலாக் குழம்பில் புரட்டுவார்கள். கோஸ் கூடக் கூட மொறுமொறுப்பு நிற்கும். அதனாலேயே பார்சல் வேண்டாம்: பத்து நிமிடத்தில் குழம்பை உறிஞ்சிக் களியாகிவிடும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பொரித்ததைத் தனியாக, குழம்பைத் தனியாக, வெங்காயத்தையும் மல்லித்தழையையும் தனியாகக் கட்டித் தரச் சொல்லி, வீட்டில் தோசைக்கல்லில் புரட்டுங்கள்.