ஒரே ஒரு 'ர்'

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐஸ்லாந்து போகவேண்டும் என்பது என் 12 வருடக் கனவு. இப்போதுதான் பணமும் லீவும் ஒன்றாகக் கூடி வந்திருக்கின்றன. 7 நாள். தீவைச் சுற்றிவரும் 1-ஆம் எண் சாலையில் ஒரு முழுச்சுற்று போவதாகத் திட்டம். எக்ஸெல் அட்டவணையை இணைத்திருக்கிறேன். பெயர்கள் வாயில் நுழையாததால் இடங்களுக்கு 1 முதல் 31 வரை எண் கொடுத்துவிட்டேன். நள்ளிரவுச் சூரியனையும் பார்க்கவேண்டும், வடதுருவ ஒளியையும் பார்க்கவேண்டும். ஜூனில் போகலாமா, டிசம்பரிலா? தனியாகப் போகிறேன், பயம் ஒன்றும் இல்லையே? இவ்வளவு பணத்தை எனக்காக மட்டும் செலவழிப்பதில் ஒரு உறுத்தலும் இருக்கிறது.

எம்.

அன்புள்ள எம்.,

உறுத்தலைத் தூக்கிப் போடுங்கள். நீங்கள் சேர்த்த காசு, நீங்கள் செலவழிக்கிறீர்கள். அதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

தனியாகப் போவதில் மனிதர்களுக்குப் பயப்பட வேண்டாம். காற்றுக்கும் கடலுக்கும் பயப்படுங்கள். கார் கதவைத் திறக்கும்போது பிடியை விட்டால் காற்று அதை முன்பக்கமாக மடக்கிவிடும். வாடகைக் காரின் காப்பீட்டில் அது பெரும்பாலும் சேராது. ரெய்னிஸ்ஃப்யாராவின் கருமணல் கரையில் கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே அலை சொல்லாமல் வந்து ஆட்களை இழுத்துப் போயிருக்கிறது.

நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிக்காக. பெயர் வாயில் நுழையவில்லையாம், எண் போட்டுவிட்டீர்களாம்! அந்தத் தீவுக்குப் போனபோது எழுதிய நோட்டை இந்த வாரம்தான் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள்தான். அதற்கு நடுவே உங்கள் கடிதம். கோபம் வந்ததை மறைக்கவில்லை. 12 வருடம் ஒருவரை மனதில் வைத்திருந்துவிட்டு, நேரில் பார்க்கும்போது 'வணக்கம் பதினேழு' என்பீர்களா?

அந்தப் பெயர்களைப் போலச் சுலபமானவை கிடையாது. நாலைந்து சொல் போதும். ஃபோஸ் என்றால் அருவி. வீக் என்றால் சிறிய விரிகுடா. யோகுல் என்றால் பனியாறு. ஃப்யால் என்றால் மலை. தலைநகர் ரெய்க்யவீக்: புகை விரிகுடா. முதலில் வந்து குடியேறியவர்கள் கண்ட புகை, வெந்நீர் ஊற்றுகளின் ஆவி. 2010-இல் ஐரோப்பிய விமானங்களையெல்லாம் தரையிறக்கிய எரிமலையின் பெயரைச் சொல்ல முடியாமல் செய்தி வாசிப்பவர்கள் உலகம் முழுக்கத் திணறினார்கள். பிரித்துப் பாருங்கள்: எய்யா, ஃப்யாலா, யோகுல். தீவுகள், மலைகள், பனியாறு. எதிரே கடலில் சில தீவுகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து நிற்கும் மலைமேல் படிந்த பனி. வழியையே பெயராக வைத்திருக்கிறார்கள். பனிக்கட்டிகள் மிதக்கும் யோகுல்சார்லோனில் 'லோன்' என்பது காயல். நடுவில் வரும் 'ஆர்' என்ன தெரியுமா? ஆறு! தற்செயல்தான், இதை வைத்து ஆராய்ச்சியில் இறங்கிவிடாதீர்கள்.

பெயரை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்றும் சொல்கிறேன். 2016-இல் ஒரு அமெரிக்கப் பயணி கெஃப்லவீக் விமான நிலையத்தில் இறங்கிக் கார் எடுத்தார். விடுதி ரெய்க்யவீக்கில், லோய்கவேகுர் என்ற தெருவில். முக்கால் மணி நேர வழி. முகவரியில் ஒரே ஒரு 'ர்' கூடிப்போய் லோய்கர்வேகுர் ஆகிவிட்டது. ஜிபிஎஸ் சொன்னபடியே பனியில் ஓட்டிக்கொண்டு போனவர், 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, வடகோடியில் சிக்லுஃப்யோர்துர் என்ற ஊரில் யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டினார். ஊர்க்காரர்கள் அவரை நன்றாகவே கவனித்துக்கொண்டார்கள், அது வேறு கதை. 'லோய்க்' என்றால் என்ன, 'வேகுர்' என்றால் என்ன என்று அவர் ஒரு தடவை யோசித்திருந்தால்...

நான் மட்டும் யோசித்தேனா? நான் தங்கியதும் அதே தெருதான். அக்டோபர். கடைசி நாள் பனியாற்றின் மேல் நடக்கப் பணம் கட்டியிருந்தேன். விடிகாலையில் செய்தி வந்தது, காற்று அதிகம், ரத்து. கடுப்போடு வரவேற்பு மேசைக்கு வந்து, பேச வேறு ஒன்றும் இல்லாமல் தெருப்பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்தாள். "வெந்நீர் ஊற்றுக்குப் போகும் பாதை. அந்தக் கோடி வரைக்கும் நடந்து பாருங்களேன்."

நடந்தேன். துணிக்கடைகளும் காபிக்கடைகளும் முடிந்து, பெரிய சாலைகளைக் கடந்து, லோய்கார்தாலுர் வந்தது. தாலுர் என்றால் பள்ளத்தாக்கு. பூங்காவுக்குள் கல் கட்டிய ஒரு வாய்க்கால். அதன்மேல் வரிசையாக வளைந்த இரும்புக் கம்பிகள். நகரத்துப் பெண்கள் அழுக்குத் துணியை முதுகில் சுமந்துகொண்டு சுமார் 3 கிலோமீட்டர் நடந்து இங்கே வந்துதான் துவைத்திருக்கிறார்கள், குளிர்காலத்திலும். கொதிநீரில் தவறி விழுந்து செத்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு போட்ட கம்பிகள் அவை. அந்தப் பெண்கள் நடந்து வருவதற்காக 1885-இல் போட முடிவான பாதைதான் இன்று நகரத்தின் பெரிய கடைத்தெரு. நான் ஒரு கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்தேன். இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு ஆள் குனிந்து துணி அலசுவதற்கு மட்டும் இடம். கை மரத்துப்போகும் வரை விடத் தோன்றவில்லை.

1930-இல் இந்த இடத்திலிருந்துதான் குழாய் வழியாக ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெந்நீர் போய், ஊரையே பூமியின் சூட்டில் கதகதப்பாக வைக்கும் வேலை ஆரம்பித்திருக்கிறது. விடுதிக் குழாயில் வெந்நீர் லேசாக அழுகிய முட்டை போல நாறியதற்கு நான் முதல் நாளே புகார் கொடுத்திருந்தேன். பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீரின் வாசனையே அதுதான். நான் சொன்னதோ, குழாய் கெட்டுவிட்டதாம்! திரும்பிப் போனபோது அந்தப் பெண் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

ஆமாம், மாதம் கேட்டிருந்தீர்கள் இல்லையா? நள்ளிரவுச் சூரியனும் வடதுருவ ஒளியும் ஒரே பயணத்தில் கிடைக்காது. ஜூனில் வானம் இருட்டவே இருட்டாது, ஒளி எங்கிருந்து தெரியும்? டிசம்பரில் சூரியன் எழுவதற்கே 11 மணி தாண்டும், பகல் நாலைந்து மணி நேரம்தான். உங்கள் அட்டவணையோ காலை 7 மணிக்கு அருவி பார்க்கிறது. செப்டம்பர் கடைசியில் போங்கள். இரவு இருட்டும், சாலையும் பெரும்பாலும் ஓட்டும்படி இருக்கும். வானம் மூடிக்கொண்டால் ஒளி கிடையாது, அதற்கு யாரையும் திட்ட முடியாது.

அப்புறம், 1,300 கிலோமீட்டரில் 31 இடம் என்பது 7 நாளுக்கு ஆகாது. 20-ஐ அடித்துவிடுங்கள். மிச்சத்துக்கு எண்ணை அழித்துப் பெயரை எழுதி மறுபடி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். 17 என்பது அருவியா பெட்ரோல் பங்க்கா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.