கணக்குப் புலிக்கும் பல் வலிக்கும்

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. ஆட்டிசம். எந்தத் தேதியைக் கேட்டாலும் கிழமை சொல்லிவிடுவான். அதைக் காட்டினால்தான் உறவினர்கள் அவனிடம் அன்பாகப் பேசுகிறார்கள். ‘இது குறையல்ல, வரம், பயிற்சியெல்லாம் வேண்டாம்’ என்று இணையத்தில் எழுதுகிறார்கள். அங்கே படித்துவிட்டுக் கோதுமையையும் பாலையும் நிறுத்திவிட்டேன். இரண்டு மாதமாகத் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறான், பேச்சும் குறைந்துவிட்டது.

பதில்: கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும், அம்மா.

புதிதாகத் தலையை மோதிக்கொள்வதையும், இருந்த பேச்சு குறைவதையும் ‘ஆட்டிசம் என்றால் அப்படித்தான்’ என்று விட்டுவிடக் கூடாது. இந்த வாரமே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். பல், காது, வயிறு, மலச்சிக்கல் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கும் ஒரு சிறுவனை என்னிடம் கூட்டிவந்தார்கள். மூன்று வாரமாகத் தலையை மோதிக்கொண்டு அடம் பிடிக்கிறான் என்றார்கள். இடது கன்னத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை. வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப்பல்லில் சீழ். வைத்தியம் ஆனதும் மோதுவது நின்றது. அத்தனை எண்களைச் சொன்னவனுக்கு ‘வலிக்கிறது’ என்று சொல்ல வரவில்லை.

உடம்பில் ஒன்றுமில்லை என்றால் பள்ளிக்குப் போய் விசாரியுங்கள். யாராவது சீண்டுகிறார்களா, வகுப்பில் இரைச்சல் தாங்க முடியவில்லையா? ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பும் கூடுதல். கண் நிலைகுத்தி நின்றாலோ, கூப்பிட்டும் சில விநாடிகள் திரும்பாமல் இருந்தாலோ அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மோதிய பிறகு வாந்தி, மயக்கம் இருந்தால் அன்றே மருத்துவமனை.

கோதுமையும் பாலும் ஒவ்வாமை இல்லையென்றால் திரும்பக் கொடுங்கள். வளரும் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். இணையத்தில் அடுத்ததாக, உடலிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று ‘கீலேஷன்’ ஊசியைச் சொல்வார்கள். 2005-இல் அமெரிக்காவில் 5 வயது ஆட்டிசக் குழந்தை ஒன்று அந்தச் சிகிச்சையில் இறந்தது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கிழமை சொல்லாவிட்டால் இவனை யார் மதிப்பார்கள் என்பதுதானே உங்கள் பயம்? அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இப்படிப்பட்ட அபாரத் திறமை ஆட்டிசம் உள்ளவர்களில் சிறு பகுதியினருக்குத்தான் உண்டு. மற்றவர்களும் அன்புக்கு உரியவர்கள்தான். 1990-களில் எழுந்த நரம்பியல் பன்மை என்ற கருத்து, மூளை வேறு மாதிரி இயங்குபவர் தாழ்ந்தவர் அல்லர் என்றது. உதவி வேண்டாம் என்பது அதன் பொருளல்ல. விருந்தாளி முன்னால் தேதி கேட்பதை நிறுத்துங்கள். அவனாகச் சொன்னால் கேட்டு மகிழுங்கள். பேச்சுப் பயிற்சியை விடாதீர்கள். மனித உடல் வரைந்த அட்டை ஒன்றைப் பயிற்சியாளரிடம் கேட்டு வாங்குங்கள். எங்கே வலிக்கிறதோ அங்கே விரல் வைக்க அவன் முதலில் பழகட்டும்.