போதகர் பதில்கள்

கேள்வி: பிற மதத்தாருக்காக உயிரைப் பணயம் வைத்த கிறிஸ்தவர்கள் உண்டா ஐயா?
- வாசகி, நாசரேத்

பதில்: ஒரு ஊரே உண்டம்மா! பிரான்ஸ் மலைநாட்டில், லெ ஷாம்போன். ஹிட்லரின் நாஜிகள் யூதர்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. 1942-ல் யூதர்களின் பெயர்ப்பட்டியலைக் கேட்டு, நாஜிகளோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசின் அதிகாரிகள் வந்தார்கள். போதகர் ஆந்த்ரே த்ரோக்மே தர மறுத்துவிட்டார். ஊர்ச்சனம் பண்ணை வீடுகளிலும் விடுதிகளிலும் யூதப் பிள்ளைகளை ஒளித்துவைத்துக் காப்பாற்றியது. இவர்கள் புராட்டஸ்டண்டுகள்; இவர்களின் முன்னோரையும் ஒரு காலத்தில், இந்த விசுவாசத்திற்காகவே, கத்தோலிக்க அரசன் விரட்டி விரட்டி வேட்டையாடியிருந்தான். அந்த நினைவு ரத்தத்தில் இருந்தது. (நம் சபையிலோ, புதியவர் ஒருவர் பின்பெஞ்சில் உட்கார்ந்தால் பெயர் கேட்பதற்குக்கூட ஆளில்லை.) போதகரின் உறவினர் தனியேல் த்ரோக்மேதான் என்னை அதிகம் உலுக்குகிறவர். விடுதிப் பொறுப்பாளர். 1943-ல் தன் மாணவர்களோடு கைதாகி, அடுத்த ஆண்டு போலந்தில் நாஜிகள் நடத்திய மைதானெக் வதைமுகாமில் இறந்தார்.