விருப்பப் பட்டியலில் எது முதலில்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் ஊர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் படித்து இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். உயிரியல் கணிதப் பிரிவு. கணிதத்தில் 94, இயற்பியலில் 90, வேதியியலில் 86 மதிப்பெண். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்துவிட்டோம். கிடைக்க வாய்ப்பில்லாத பெரிய கல்லூரிகளை விருப்பப் பட்டியலில் மேலே போட்டால் வாய்ப்பு வீணாகிவிடும் என்று பிரவுசிங் சென்டரில் சொல்கிறார்கள். ஏஐ (செயற்கை நுண்ணறிவு) என்று பெயர் வரும் பிரிவையே எடுக்க வேண்டும், கல்லூரி எதுவானாலும் சரி என்கிறார் உறவினர் ஒருவர். பள்ளியில் கணினி அறிவியல் பாடம் எடுக்காதது இடைஞ்சலாகுமா? பணம் கொடுத்தால் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தருவதாகவும் ஒருவர் வீட்டுக்கே வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். என்ன செய்வது என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

மா. செ., அரூர்

அன்புள்ள மா. செ. அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கேள்விகளில் முதலாவதுதான் முக்கியமானது. இந்தப் பருவத்தில் பலர் இதையே கேட்கிறார்கள், பலருக்கும் தவறான பதிலே கிடைக்கிறது. ஆகவே அதையே விரிவாக எழுதுகிறேன்.

கணித மதிப்பெண் முழுவதையும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களில் பாதிப் பாதியையும் கூட்டினால் உங்கள் மகளுக்கு 94, 45, 43 சேர்ந்து 200க்கு 182 கட்-ஆஃப் வருகிறது. இதே 182ஐ வேறொரு மாணவர் கணிதத்தில் 90, இயற்பியலில் 96, வேதியியலில் 88 வாங்கியும் எட்டலாம். அப்படிச் சமமாக இருப்பவர்களில் கணித மதிப்பெண் கூடுதலாக உள்ளவர் முன்னே வைக்கப்படுவதால் உங்கள் மகள் அவருக்கு முன்னால் நிற்பார். கணிதமும் சமமென்றால் இயற்பியல் பார்க்கப்படும், இப்படியே போய்க் கடைசியில் கணினி குலுக்கித் தரும் ரேண்டம் எண் முடிவு செய்யும். இந்த வரிசையில் கிடைக்கும் தரவரிசை எண்தான் உங்கள் கையில் உள்ள உண்மையான சீட்டு.

இனி, ஒதுக்கீடு நடக்கும் விதத்தைப் பாருங்கள். ஒரு சுற்றில் இருப்பவர்களைத் தரவரிசைப்படி ஒவ்வொருவராகக் கணினி எடுக்கிறது. உங்கள் மகளின் முறை வரும்போது அவருக்கு முன்னால் இருப்பவர்கள் தங்கள் இடங்களை எடுத்து முடித்திருப்பார்கள். அப்போது அவருடைய பட்டியலின் முதல் வரியில் உள்ள கல்லூரியிலும் பிரிவிலும் பொது இடம் இருக்கிறதா, இல்லையென்றால் அவருடைய இடஒதுக்கீட்டு வகுப்புக்குரிய இடம் இருக்கிறதா என்று பார்க்கப்படும். இரண்டும் இல்லையென்றால் இரண்டாவது வரி, அதற்கடுத்து மூன்றாவது வரி என்று கணினி இறங்கிக்கொண்டே போகும். அவருக்கு ஓர் இடம் முடிவாகும் வரை அவருக்குப் பின்னால் இருக்கும் எவருடைய பட்டியலும் திறக்கப்படுவதில்லை. அதனால் முதல் பதினைந்து வரிகள் கிடைக்காமல் போனாலும் பதினாறாவது வரியில் அவருக்குரிய வாய்ப்பு கடுகளவும் குறையாது. மாறாக, கிடைக்கும் என்று தெரிந்த ஒரு கல்லூரியைப் பயந்துபோய் முதல் வரியில் போட்டுவிட்டால், கணினி அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். கீழே எழுதிய நல்ல கல்லூரியில் அன்று இடம் காலியாக இருந்திருந்தாலும் அது பார்க்கப்படவே மாட்டாது. வாய்ப்பு வீணாவது என்றால் அதுதான்.

பிரவுசிங் சென்டரில் சொல்பவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 2017 வரை கலந்தாய்வு அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நேரில் நடந்தது. அப்பாவும் பிள்ளையும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த நேரத்தில் மிச்சமிருக்கும் இடங்களைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே கிடைக்காத கல்லூரியைப் பற்றி யோசிப்பது வீண்தான். 2018இல் எல்லாம் இணையவழியாகிவிட்ட பிறகும் அந்தக் காலத்து அறிவுரை மட்டும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆகவே பட்டியலை ஆசையின் வரிசையிலேயே எழுதச் சொல்லுங்கள். எச்சரிக்கை தேவைப்படுவது பட்டியலின் அடிப்பகுதியில்தான். நிச்சயம் கிடைக்கும் என்று தோன்றும் கல்லூரிகளும் போதுமான எண்ணிக்கையில் கீழே இருக்க வேண்டும். ஏழெட்டு வரிகளோடு நிறுத்திவிட்டு அந்தச் சுற்றில் ஒன்றும் கிடைக்காமல் போகிறவர்கள் உண்டு. எது கிடைக்கும் என்று கணிக்க, முந்தைய ஆண்டில் அந்த இடம் எந்தத் தரவரிசையில் முடிந்தது என்று பாருங்கள், கட்-ஆஃபை மட்டும் நம்ப வேண்டாம். 2021இல் பொதுத்தேர்வே நடக்காமல் மதிப்பெண் கணக்கிட்டுத் தரப்பட்டபோது கட்-ஆஃப் எகிறியது. இடங்களின் எண்ணிக்கை அதற்கேற்ப எகிறவில்லை.

இதே நியாயம் தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகும் தொடர்கிறது. கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, அதற்கு மேலே எழுதியவற்றுக்கும் காத்திருக்கிறேன் என்று சொல்ல ஒரு வழி உண்டு. மேலே உள்ள ஒன்று காலியாகி அவருக்கு வந்துவிட்டால், கையில் இருக்கும் இடம் தானாகவே போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. எனவே ஒவ்வொரு வரியையும் அதற்குக் கீழே உள்ளதைவிட உண்மையிலேயே அதிகம் விரும்புகிறாரா என்ற கேள்வியைப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கும் ஒரு செய்தி எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதால், 2021இல் சட்டமான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு உங்கள் மகள் உரியவர். அவருக்குப் பொதுத் தரவரிசையோடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான தனித் தரவரிசையும் வரும். 182 என்பது அந்தப் பட்டியலில் எவ்வளவோ முன்னால் இருக்கும். அந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கிண்டி, குரோம்பேட்டை எம்ஐடி, கோவை ஜிசிடி, பிஎஸ்ஜி, மதுரை தியாகராசர் என்று எழுதத் தயங்கவே வேண்டாம். பதிவின்போது இந்த ஒதுக்கீட்டைக் குறித்திருக்கிறீர்களா, ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்று ஏற்கப்பட்டிருக்கிறதா என்பதை இன்றே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது உறவினர் சொன்ன ஏஐ. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதில் முதல் பருவத்தில் சிவில் மாணவரும் மெக்கானிக்கல் மாணவரும்கூடப் பைத்தான் என்ற நிரல்மொழியைப் படித்தார்கள். வெறும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பிரிவிலேயே நான்காம் பருவத்தில் செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும் ஒரு பாடமாக வந்துவிட்டன. அல்காரிதம், தரவுத்தளம், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் ஆகியவை கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏஐ ஆகிய இரண்டு பிரிவுகளுக்கும் பொதுவாக இருந்தன. கம்ப்யூட்டர் சயின்ஸில் கம்பைலர் (எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) வடிவமைப்பு கட்டாயப் பாடமாக இருந்தது. ஏஐ மற்றும் தரவு அறிவியல் பிரிவில் அந்த நேரம் டீப் லேர்னிங் போன்றவற்றுக்குப் போனது. பதினேழு வயதில் எடுக்கும் முடிவுக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. நல்ல கல்லூரியின் ஐடி பிரிவை விட்டுவிட்டு, ஆசிரியர் நிலைக்காத கல்லூரியின் ஏஐ பிரிவுக்குப் போவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். 2024-25 முதல் தரமான கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை இடம் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பைத் தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு (ஏஐசிடிஇ) நீக்கிவிட்டது. கம்ப்யூட்டர் இடங்கள் பெருகிய வேகத்தில் அதைக் கற்பிக்கத் தெரிந்தவர்கள் பெருகவில்லை. கல்லூரிக்கு நேரில் போக முடிந்தால் கட்டடத்தைப் பார்க்காமல் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, ஆய்வக நேரம் உண்மையில் நடக்கிறதா, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எடுத்தவர் பருவத்தின் நடுவில் மாறினாரா என்று கேட்கச் சொல்லுங்கள்.

பள்ளியில் கணினி அறிவியல் எடுக்காததைப் பற்றிக் கவலை வேண்டாம். சேர்க்கைக்கு அது தேவையில்லை, வகுப்பும் ஒன்றும் தெரியாதவர்களுக்கென்றே தொடங்குகிறது. முதல் இரண்டு மாதம் சிலர் வேகமாகத் தட்டச்சு செய்வதைப் பார்த்து மிரளாமல் இருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்த தரகரிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள். நன்கொடை வாங்குவதை 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அதோடு, இலவசமாகவே நல்ல இடம் கிடைக்க வாய்ப்புள்ள பிள்ளைக்கு அவர் விற்க வருவது பெரும்பாலும் யாரும் எடுக்காத இடமாகத்தான் இருக்கும். காப்பு வேண்டுமென்றால் அரசு கலைக் கல்லூரிகளின் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். 2020 முதல் எம்.சி.ஏ. இரண்டே ஆண்டுதான் என்பதால் அந்த வழியில் போகிறவர் மொத்தம் ஐந்தாண்டில் முடிக்கிறார். அதை இரண்டாந்தரமாக நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

கடைசியாக இரண்டு சின்னக் காரியங்கள். பதிவில் கொடுத்திருக்கும் கைபேசி எண் உங்களுடையதா, பிரவுசிங் சென்டர்காரருடையதா என்று பாருங்கள். பட்டியலைப் பூட்டும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். பட்டியலில் கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல் குறியீட்டு எண்ணையும் பிரிவின் குறியீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயர் கிண்டிக்கு மட்டுமல்லாமல் மண்டல வளாகங்களுக்கும் வரும்; கிண்டிப் பொறியியல் கல்லூரியின் எண் 1.

அன்புடன்.